சுண்டைக்காய் அளவு காத்தாடி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் மனைவி கிருபாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருடவில்லை, கேட்டுத்தான் எடுத்தேன். அவளும் கொடுத்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க. ஆனாக் கதைக்காக மழை பேய வெக்கக் கூடாது."

கதை எழுதுகிறவனிடம் இப்படிச் சொல்வது, சமையல்காரனிடம் புளியே தொடக்கூடாது என்று சொல்வது மாதிரி. வறட்சியைப் பற்றி ஒரு கதை எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் நாலு துளி விழவைக்காமல் முடிக்கிற தைரியம் எந்த எழுத்தாளனுக்கு இருக்கிறது? இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். கிருபாவிடம் சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிருபா சூலூருக்குத் தெற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பாளையம் என்று முடியும். இந்தப் பக்கத்தில் அது ஒரு துப்பே இல்லை. நான் சாமுவேல். சூலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் மாடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். மாணவர்கள் போனபிறகு, அவர்கள் அடித்துத் தேய்த்த தமிழ் இயந்திரம் ஒன்றில் கதை அடிப்பேன். ஒரு வரி பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தி, மூன்று கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவது என் பழக்கம். வழக்கமாகப் பத்திரிகைக்கு அனுப்பும்போது அந்தக் கோடுகளை எடுத்துவிடுவேன். இந்த முறை எடுக்கப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நடந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். எந்த வருடம் என்று சொன்னால், மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. அதில் முதல் ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆடி மாதத்து மதியம் ஒன்றில் கருமேகங்கள் ஊரைச் சூழ்ந்து – – –

கிருபா இயந்திரத்திலிருந்து தாளை உருவிப் படித்தாள். பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனா அவள் கையிலேயே இருந்தது.

"கருமேகம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"சும்மா, ஒரு சூழ்நிலைக்கு."

"ஆடியில நம்மூர்ல மேகம் சூழாதுங்க. ஓடும். பொறந்ததுல இருந்து பாத்துட்டுத்தான இருக்கறீங்க? அதுவும் என்ன மேகம்? கீற்று மேகமா, படை மேகமா, திரள் மேகமா? பேரு சொல்லாம மேகம்னு எழுதறது, பேரு சொல்லாம ஆளுன்னு எழுதற மாதரதான்."

உண்மைதான். ஆடியில் எங்கள் பக்கம் வானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று, துணி காயப்போட்ட கொடியையே இழுத்துக்கொண்டு போகும். மேலே மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல ஓடிக்கொண்டேயிருக்கும். நாள் முழுக்க நிழல் வரும், போகும். ஒரு சொட்டு விழாது.

இரண்டாவது தொடக்கம்:

காத்தாடி வந்த பிறகுதான் அந்த ஊரில் மழை நின்றுபோனது.

"இது பொய்யுங்க" என்றாள் கிருபா.

"பொய்தான். ஊர் சொன்ன பொய். முதல் வரியில் வைத்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்."

"உக்காருவாங்க. பாதியில எந்திரிச்சுப் போறவங்க அதையே நம்பிட்டுப் போயிருவாங்களே."

யோசித்துப் பார்த்தால், பாதியில் எழுந்துபோகிற வாசகரைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யாரும் என்னிடம் பேசியதில்லை. ஆகவே மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் மேலே படித்தது.

3

விஷயம் இதுதான். அந்த ஊரில் அப்புசாமி என்கிற விவசாயிக்குக் கிணற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டுக் காடு ஒன்று உண்டு (எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர்). ஒரு கம்பெனி வந்து அதன் ஓரத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காற்றாலை நட்டது. ஊர் வாயில் அது காத்தாடி. முதல் வாரம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றியிருந்தது. கிணறுகள் ஏற்கெனவே அடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஆடி வந்தது. மேகம் மேற்கிலிருந்து வந்தது, காத்தாடி சுற்றியது, மேகம் நிற்காமல் கிழக்கே போனது. மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கிறவருக்கு முடிவு கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? டீக்கடையில் ஒருவர் மின்விசிறிக்குக் கீழே பீடிப் புகையை ஊதிக் காட்டினாராம். புகை கலைந்து வாசல் பக்கம் போனதும் எல்லோரும் அப்புசாமியின் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம்.

(விசிறி காற்றை உண்டாக்குகிறது, காத்தாடியையோ காற்றுதான் சுற்றுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்ல அந்தக் கடையில் யாரும் இல்லை. கிருபா டீ குடிப்பதில்லை.)

அப்புசாமியை யாரும் நேரில் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. "வாங்க, போங்க" குறையாமலேயே ஒரு மனிதரை ஊரிலிருந்து தள்ளிவைக்க முடியும். அவர் வந்தால் பேச்சு நிற்கும். அவர் மனைவி தெய்வாத்தாள் குழாயடிக்குப் போனால் மற்றவர்களுக்கு வீட்டில் வேலை வந்துவிடும்.

பிள்ளைகளுக்கு அந்த மரியாதை கிடையாது. அப்புசாமியின் மகள் கிருபாவின் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். பெயர் வர்ஷினி. மழை பொழிபவள் என்று அர்த்தம். இது கதைக்காக நான் வைத்த பெயர் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்காகவே மாற்றிவிடலாமா என்று கிருபாவிடம் கேட்டேன்.

"அவிங்கப்பா வெச்ச பேருங்க. மாத்தறதுக்கு நீங்க யாரு?"

அதனால் பெயர் அப்படியே இருக்கிறது. அர்த்தம் தேடாமல் கடந்து போங்கள். வகுப்பில் அவளை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடவும் இல்லை. காத்தாடிக்காரி என்றார்கள். அவள் உள்ளே வந்தால் பின் பெஞ்சில் யாராவது எழுந்து இரண்டு கையையும் விரித்துச் சுற்றுவார்கள். இதை முதலில் செய்தவள் மதிவதனி. அவளுடைய அம்மா வள்ளியாத்தாள் அப்புசாமியின் காட்டில் கூலி வேலை செய்கிறவள்.

ஒரு திங்கட்கிழமை வர்ஷினி வரவில்லை. அந்த வாரமே வரவில்லை.

4

கிருபா அவள் வீட்டுக்குப் போனாள். மொபெட்டில் கொண்டுபோய் விட்டவன் நான். வாசலில் வண்டியோடு நின்றேன். பேச்சு நன்றாகவே கேட்டது.

(இந்தக் காட்சியில் நானும் உள்ளே போய், அப்புசாமிக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்வதாக ஒரு பத்தி அடித்திருந்தேன். கிருபா அதைப் படித்துவிட்டு, "நீங்க அங்க மோரு குடிச்சீங்க, அவ்வளவுதான்" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன். மோர் நன்றாக இருந்தது.)

தெய்வாத்தாள் சொன்னாள்: "இவ பள்ளிக்கோடத்த நிறுத்தறதுக்கு முந்தின வெள்ளிக்கெழம மழைச்சோறு எடுக்க வந்தாங்க டீச்சர்."

வெளியூர் வாசகருக்காக ஒரு நிமிடம். மழை பொய்த்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் மழைச்சோறு எடுப்பார்கள். பொழுது இறங்கும் நேரத்தில் மண்சட்டியோடு கூட்டமாகக் கிளம்பி, வீடு வீடாக நின்று ஒப்பாரி பாடி, உப்பில்லாத சோறு வாங்குவார்கள். எல்லா வீட்டுச் சோற்றையும் ஒன்றாகப் பிசைந்து ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து சாப்பிட்டு, நாங்கள் ஊரைவிட்டுப் பஞ்சம் பிழைக்கப் போகிறோம் என்று அழுவார்கள். அந்த அழுகை வானத்துக்குக் கேட்டு மழை இறங்கும் என்று நம்பிக்கை. முக்கியமானது இது: ஒரு வீட்டையும் விடக்கூடாது. ஏழை வீடு, பணக்கார வீடு, பேச்சுவார்த்தை இல்லாத வீடு, எல்லா வீட்டுப் பருக்கையும் அந்தச் சட்டியில் விழ வேண்டும்.

"நானும் சோறாக்கி வெச்சுட்டு வாசல்ல நின்னேனுங்க. பக்கத்தூட்டுல பாடுனாங்க. எங்கூட்டு வாசல் வந்ததும் பாட்ட நிறுத்திப்போட்டாங்க. பேசாம நடந்தாங்க. அடுத்த ஊட்டுல மறுபடியும் பாட ஆரம்பிச்சாங்க. நான் சட்டியோட நின்னுட்டே இருந்தேனுங்க. இவ என்ற பக்கத்துல நின்னா."

அப்புசாமி மெதுவாகச் சொன்னார்: "காத்தாடி வர்றதுக்கு முந்தியும் நம்மூர்ல ஆடியில மழை பேஞ்சதில்லீங்க. அது ஒருத்தருக்கும் நெனப்பில்லீங்க."

"வர்ற வெள்ளிக்கெழமயும் எடுக்கறாங்களாம்" என்றாள் தெய்வாத்தாள். "அன்னைக்கும் எங்கூட்ட உட்டுட்டுப் போனா, இவளச் சத்தியமங்கலத்துல என்ற நாத்தனா ஊட்டுக்குத் தாட்டி உட்டுறலாம்னு இருக்கறமுங்க. அங்க எதாச்சும் ஒரு பள்ளிக்கோடத்துல சேத்திக்கட்டும். இல்லாட்டி ஊட்டோட இருக்கட்டும்."

வர்ஷினி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். கிருபா அவளிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"புதன்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்குது கண்ணு. அன்னைக்கு மைதானத்துல காற்று, மேகம், மழைப்பொழிவு பாடம் நடத்தப் போறேன். எனக்கு ஒரு மேகம் கொறையுது. வாறயா?"

வர்ஷினி உள்ளே ஆணியில் தொங்கிய புத்தகப்பையைத் திரும்பிப் பார்த்தாள். வண்டியில் திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் கிருபா என் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினாள்: "எனக்கு நெறையத் துண்டு வேணுமுங்க! தேங்காய்ப்பூத் துண்டு!"

5

பாடத்துக்குப் போகுமுன் வள்ளியாத்தாளை எப்படி எழுதுவது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்காமல் மேலே போக முடியவில்லை.

மழைச்சோறு எடுப்பதில் பாட்டைத் தொடங்குகிறவள் அவள்தான். அப்புசாமி வீட்டு வாசலில் பாட்டை நிறுத்தியவளும் அவள்தான். முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

வள்ளியாத்தாளின் கண்களில் பொறாமை கொழுந்துவிட்டு – – –

கிருபா இந்த வரியின் மேல் பேனாவை வைத்தாள், கோடு போடாமலே மூடிவிட்டாள். அவள் திருத்தாமல் விட்டால் எனக்குப் பயம்.

"எங்கம்மா சத்தியமங்கலத்துல அடுத்தவங்க காட்டுல களை எடுத்துத்தான் என்னையப் படிக்க வெச்சாங்க" என்றாள். "மழை இல்லாட்டி அந்தக் காட்டுல களையே மொளைக்காதுங்க. களை மொளைக்காட்டி எங்கூட்டுல அடுப்பு எரியாது. அது பொறாமையா?"

நானும் அப்படி ஒரு குடும்பத்திலிருந்து வந்தவன்தான். ஆனால் இயந்திரத்தின் முன் உட்கார்ந்ததும் கண்களில் ஏதாவது கொழுந்துவிட்டு எரிந்தாக வேண்டும் என்று கை தானாகப் போகிறது. அந்த வரியைப் பாதியில் நிறுத்தி அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டும் என்று. வள்ளியாத்தாள் எப்படிப்பட்டவள் என்பதை அவள் வாயாலேயே கேளுங்கள். அவள் இனிமேல்தான் பேசப்போகிறாள்.

6

புதன்கிழமை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் டீயும் பன்னும் உண்டு என்று தலைமை ஆசிரியர் அறிவித்திருந்ததால் பாதி ஊர் வந்திருந்தது. கிருபா மைதானத்தின் மேற்கு ஓரத்தில் உயரமான பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தாள். கதிர் வகுப்பிலேயே நெட்டை, அவன் தொட்டபெட்டா. அவனுக்கு வடக்கும் தெற்கும் தோளோடு தோள் உரசி மற்ற மலைகள். நடுவில் ஓர் இடைவெளி, அது பாலக்காட்டுக் கணவாய். மலைகளுக்கு அந்தப் பக்கம் என்னுடைய பிளாஸ்டிக் டிரம் நிறைய உப்புத் தண்ணீர். அதுதான் அரபிக்கடல். கடலை மொபெட்டில் தவணை தவணையாகக் கொண்டுவந்தவன் நான் என்பதைக் கிருபா எடுக்கச் சொல்லவில்லை.

மலைக்கு இந்தப் பக்கம், மைதானத்தின் நடுவில், மண்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவள்தான் எங்கள் ஊர். மதிவதனி.

மேகங்கள் தறிக்கூடத்தில் இரவல் வாங்கிய துண்டுகளைக் கடலில் முக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தன. கடைசி மேகமாக வர்ஷினி நின்றாள். யாரும் கையைச் சுற்றவில்லை. கிருபா அங்கே நின்றாள் என்பதால்தான்.

"தென்மேற்குப் பருவக்காத்து!" என்றாள் கிருபா. "ஓடு!"

மேகங்கள் மலையில் வந்து மோதின. "காத்து மலை மேல ஏறுது. மேல ஏற ஏறக் குளிருது. குளிர்ந்த காத்தால அத்தனை ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்க முடியாது. மலைங்களா, புழியுங்க!"

மலைகள் துண்டுகளை வாங்கி முறுக்கிப் பிழிந்தன. மலைக்கு அந்தப் பக்கம் வால்பாறையாக நின்ற செங்கோடன் தலையிலிருந்து கால்வரை நனைந்து, "டீச்சர், போதுமுங்க!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. பிழிந்த துண்டுகள் மலையைத் தாண்டி மதிவதனியின் தலைக்கு மேல் வந்தபோது சொட்ட ஒன்றும் இல்லை.

"இதுக்குப் பேரு மழை மறைவுப் பிரதேசம். அது நாமதான்."

"கணவாய் வழியா வர்ற மேகத்த ஆரும் புழியலீங்களே டீச்சர்?" இது கூட்டத்திலிருந்து ஒருவர்.

"நல்லாக் கேட்டீங்க. அதைத் தூக்கிவிட மலை இல்லீங்க. ஏறாட்டிக் குளிராது, குளிராட்டிப் பேயாது. ஈரத்தோடயே ஓடிரும்."

கணவாய் மேகங்கள் ஓடின. மதிவதனி சட்டியை உயர்த்திப் பிடித்தாள். ஒன்றுமில்லை. இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வள்ளியாத்தாள் எழுந்தாள். "எல்லாஞ் செரிங்க டீச்சர். மலை இருக்குது, மேகம் இருக்குது, ஊரு இருக்குது. காத்தாடி எங்கீங்க?"

எனக்குத் தெரியும், எல்லோரும் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பிரதியில் நான் வர்ஷினியையே காத்தாடியாக நிற்கவைத்திருந்தேன். கைகளை விரித்து, கண்ணில் நீரோடு அவள் சுற்றுவதாக. அழகான காட்சி என்று எனக்கே தோன்றியது. கிருபா குறுக்கே ஒரே கோடாக இழுத்தாள். "ஊரு செஞ்ச தப்பையே நீங்களும் செய்யறீங்க. ஆளு ஒசரத்துக்குக் காத்தாடி வெச்சா, அப்பறம் மேகத்தத் தள்ளத்தான் செய்யும்!"

நடந்தது இதுதான். கிருபா சொன்னாள்: "காத்தாடி இருக்குதுங்க. உங்க காலுக்குப் பக்கத்துலதான். பாத்து, மிதிச்சுப்போடாதீங்க."

வள்ளியாத்தாள் குனிந்து பார்த்தாள். முன்வரிசை முழுக்கக் குனிந்தது. மண்ணில் ஒரு சுண்டைக்காய். அதில் குத்திய ஈர்க்குச்சி நுனியில் இரண்டு வேப்பிலைத் துணுக்கு.

"நம்ம கதிர் தொட்டபெட்டா ஒசரம்னா, காத்தாடி ஒரு வெரல் அகலந்தான் வரும். பசங்களே கணக்குப் போட்டாங்க. மேகமோ கதிர் நெஞ்சுக்கும் தலைக்கும் போகுது. இந்தச் சுண்டைக்காய் அங்க போயி எதைத் தள்ளுமுங்க?"

யாரோ ஒருவர் உட்கார்ந்தபடியே அதை ஊதிப் பார்த்தார். இலை சுற்றியது. காற்றுதான் அதைச் சுற்றியது, அது காற்றைச் சுற்றவில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பார்த்தார்கள்.

"பாடம் இன்னும் முடியலீங்க. இப்ப ஐப்பசி. காத்து திரும்புது. எல்லாரும் திரும்புங்க!"

மேகங்கள் மைதானத்தின் கிழக்கு ஓரத்துக்கு ஓடின. அங்கே ஒரு வாளி, அது வங்காள விரிகுடா. முதலில் கிளம்பிய மேகம் வர்ஷினி. சுண்டைக்காய் அதே இடத்தில்தான் இருந்தது. அதைத் தாண்டித்தான் வந்தாள். மதிவதனியின் தலைக்கு மேல், நீர் சொட்டுகிற துண்டோடு நின்றாள்.

அந்த ஒரு கணத்தில் அவள் என்ன செய்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. துண்டை மதிவதனியின் முகத்தில் வீசியிருக்கலாம். மதிவதனிக்கும் அது தெரிந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வர்ஷினி துண்டை மடித்தாள், முறுக்கினாள், பிழிந்தாள். ஒரு சொட்டு வெளியே விழாமல் சட்டிக்குள்.

சட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் அந்த மைதானம் முழுக்கக் கேட்டது. அந்த வருடம் அந்த ஊரில் அதைவிட நல்ல சத்தம் எதுவும் கேட்டிருக்காது.

"இன்னும் புழி" என்றாள் மதிவதனி.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதைவிட நல்ல சொல் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் நனைந்த செருப்போடு நின்றுகொண்டு, அந்த டீச்சர் என் பெண்டாட்டி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். "தெரியுமுங்க" என்றார் அவர்.

7

டீ கொடுத்தார்கள். வள்ளியாத்தாள் பன்னை முந்தானையில் முடிந்துகொண்டு கிருபாவிடம் வந்தாள்.

"புரிஞ்சுதுங்க டீச்சர். காத்தாடி மழையத் தள்ளுல, செரி. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மழை பேயலீன்னா எனக்குக் கூலி இல்ல. அவருக்குக் காத்தடிச்சாலும் காசு. ஒரே காட்டுல நிக்கறோம். எனக்கு ஆரு மேலயாச்சும் கோவம் வரோணுமல்லங்க?"

நான் கிருபாவின் முகத்தைப் பார்த்தேன். வானிலைப் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை.

"வரோணுமுங்க" என்றாள் கிருபா. "அது நியாயமான கோவம். அதை அவருகிட்ட நேராக் கேளுங்க. வேலை இல்லாத மாசத்துக்கு என்ன வழின்னு வாசல்ல நின்னு கேளுங்க, நானும் கூட வாறேன். மழை வரலீன்னு கோவமா, அப்ப மேக்கால பாத்துக் கோவப்படுங்க. மலை பெருசு, தாங்கிக்கும். ரெண்டையும் சேத்து அந்தப் புள்ள தலையில வெக்காதீங்க. அது சுமக்காதுங்க."

வள்ளியாத்தாள் கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தாள். பிறகு, "வெள்ளிக்கெழம பாக்கலாமுங்க" என்றாள்.

பார்க்கலாம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம்? ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். மரியாதை கெடாமல் இரண்டையும் சொல்ல எங்களுக்குத் தெரியும்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: கூட்டம் அப்புசாமி வீட்டு வாசலில் நிற்கிறது. தெய்வாத்தாள் சோறு போடுகிறாள். முதல் துளி சட்டியில் – – –

"ஆடியிலயா?" என்றாள் கிருபா. நிபந்தனை நினைவுக்கு வந்தது.

இரண்டாவது: கூட்டம் நிற்காமல் போகிறது. வர்ஷினி சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறுகிறாள். ஐப்பசியில் காற்று திரும்பி, காத்தாடி அங்கேயே நிற்க, மழை கொட்டுகிறது. ஊர் உண்மையை உணர்ந்து – – –

இது பருவம் தப்பாத முடிவு. கிருபாவால் மேகத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப நான் நடத்துன பாடம் எதுக்குங்க? மழை வந்து சொல்லிக் குடுக்கற வரைக்கும் காத்திருக்கறதா இருந்தா, வாத்தியாரு எதுக்கு?"

மூன்றாவது: புயல்காற்றில் காத்தாடி – – –

இதை அவளிடம் காட்டவே இல்லை.

"நடந்ததையே எழுதிவிடட்டுமா?" என்று கேட்டேன்.* எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

கிருபா யோசித்தாள். "வேண்டாங்க. நடந்ததை எழுதுனா, ஓஹோ அப்படியான்னு படிச்சுட்டு மடிச்சு வெச்சிருவாங்க. பரீட்சையில வெடையையும் சேத்து அச்சடிச்சுக் குடுக்கற வாத்தியாரை நான் பாத்ததில்ல."

* வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். வேலிக்கு வெளியே, மொபெட்டை நிறுத்திவிட்டு. இதற்கு மேல் அடிக்கக்கூடாது என்று கிருபா பின்னால் நிற்கிறாள்.

9

ஆகவே இப்போது உங்களிடம் வருகிறேன்.

பொழுது இறங்குகிறது. மழைச்சோறு எடுக்கும் கூட்டம் தெருவில் வருகிறது. இந்த முறை நீங்களும் அதில் இருக்கிறீர்கள். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். இவ்வளவு தூரம் கதையோடு வந்தவர், இன்னும் நாலு வீடு வரக்கூடாதா? முன்னால் வள்ளியாத்தாள் பாடுகிறாள். உங்களுக்குப் பக்கத்தில் மதிவதனி சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். புதன்கிழமை மைதானத்தில் இருந்த அதே சட்டி. இப்போது அதில் பாதி ஊரின் சோறு இருக்கிறது.

"கை கடுக்குதுங்க. சித்த புடிங்க" என்கிறாள்.

வாங்கிக்கொள்கிறீர்கள். கனமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் பாட்டு முடிந்துவிட்டது. அடுத்தது அப்புசாமியின் வீடு. கதவு திறந்திருக்கிறது. வாசலில் தெய்வாத்தாள், கையில் உப்பில்லாத சோறு. அவளுக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில் வர்ஷினி. பள்ளிக்கூடப் பாவாடை தாவணியில் நிற்கிறாள். அவளுடைய புத்தகப்பை உள்ளே ஆணியில் தொங்குகிறது. திங்கட்கிழமை அது எந்தப் பக்கம் போகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. வள்ளியாத்தாள் பாட்டை நிறுத்தவும் இல்லை, தொடங்கவும் இல்லை. திரும்பிப் பார்க்கிறாள். சட்டி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறாள்.

மேட்டுக் காட்டில் காத்தாடி சுற்றுகிறது. மேலே திரள் மேகங்கள் (பெயர் சொல்லிவிட்டேன் கிருபா) மேற்கிலிருந்து வந்து, ஊரைத் தாண்டி, நிற்காமல் போகின்றன. அவற்றின் மேல் குற்றம் இல்லை. காற்று கொண்டுபோகிற பக்கம்தான் அவற்றால் போகமுடியும்.

உங்களால் நிற்கமுடியும்.